ஒற்றைக் கண் திடீரென்று இருட்டினால்: விழித்திரை ரத்தக் குழாய் அடைப்பும் நம் 'பொறவு பாத்துக்கிடலாம்' பழக்கமும்

திருநெல்வேலிச் சீமைக்குக் கண் வைத்தியம் புதிதல்ல. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988-இல் நெல்லைக்கும் வந்தது. பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் ஊர் ஊராகக் கண் முகாம்கள் நடந்தன, இன்றும் நடக்கின்றன. முகாமிலிருந்து பஸ்ஸில் போய், ஆபரேஷன் முடித்து, லென்ஸ் வைத்து, கறுப்புக் கண்ணாடியோடு வீடு திரும்பிய ஒரு தாத்தாவோ ஆச்சியோ இல்லாத தெரு இங்கே அபூர்வம்.

அந்த முகாம்கள் நம் மக்களுக்குப் பார்வையைக் கொடுத்தன. கூடவே ஒரு பழக்கத்தையும் கொடுத்துவிட்டன. பார்வை மங்கினால் பதற வேண்டாம்; அறுப்பு முடியட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும், அடுத்த முகாம் வரும்போது போய்க்கொள்ளலாம். கண்புரையைப் பொறுத்தவரை இது பெரிய தப்பில்லை. ஆறு மாதம் தள்ளிப்போனாலும், ஆபரேஷன் முடிந்ததும் பெரும்பாலானவர்களுக்குப் பார்வை திரும்பிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், இதே பொறுமையோடு வேறொரு நோயையும் வீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

"காலையில எந்திரிச்சதுலேர்ந்து இந்தக் கண்ணு இருட்டா இருக்குய்யா."

"வலிக்குதா ஆச்சி?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்பம் பொரையாத்தான் இருக்கும். பொறவு பாத்துக்கிடலாம்."

அம்பாசமுத்திரத்திலோ, சங்கரன்கோவிலிலோ, திசையன்விளையிலோ எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய பேச்சுதான் இது. கண்புரை ஒரே ராத்திரியில் வராது என்பதை யாரும் யோசிப்பதில்லை. வலி இல்லை என்றதும் மனசு சமாதானமாகிவிடுகிறது. விழித்திரையில் வலியை உணரும் நரம்புகளே கிடையாது. அதனால் அங்கே எவ்வளவு பெரிய சேதம் நடந்தாலும் வலிக்காது. நேற்று வரை தெரிந்த கண் இன்று வலியில்லாமல் தெரியாமல் போனால், அந்த வலியின்மையே நம்மை உசுப்ப வேண்டும்.

மடையும் வடிகாலும்

கண்ணின் பின்புற உள்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் விழித்திரை. ஒளியைப் பார்வைச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இதுதான். எடைக்கு எடை பார்த்தால், உடம்பிலேயே மிக அதிகமாக ஆக்ஸிஜன் செலவழிக்கும் திசுக்களில் இதுவும் ஒன்று. அப்படிப்பட்ட திசுவின் உள் அடுக்குகளுக்கு ரத்தம் கொண்டுவருவது ஒரே ஒரு தமனி. கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் பெரிய தமனியிலிருந்து கண்ணுக்கென்று ஒரு கிளை பிரிகிறது. அந்தக் கிளையின் கிளை இது. அரை மில்லிமீட்டர் பருமன்கூட இல்லாதது. பார்வை நரம்புக்குள் நுழைந்து கண்ணுக்குள் வந்து, மேலும் கீழுமாகப் பிரிந்து பரவுகிறது. பயன்படுத்திய ரத்தத்தை ஒரு சிரை அதே பார்வை நரம்பு வழியாக வெளியே எடுத்துப் போகிறது.

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கன்னடியன் கால்வாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் மடை அடைபட்டால் பயிர் காயும். வடிகால் அடைபட்டால் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். தமனி அடைப்பு முதல் வகை, சிரை அடைப்பு இரண்டாம் வகை. இரண்டிலும் பயிருக்குச் சேதம்தான் என்றாலும் சேதம் நடக்கும் வேகமும் காப்பாற்றும் வழியும் வேறு வேறு. ஊரில் இரண்டையும் சேர்த்துக் 'கண் நரம்பு அடைப்பு' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் சொல்லும்போது எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது முழுக்க அதைப் பொறுத்தது.

தமனி அடைப்பு: மணிக்கணக்கில் நடக்கும் சேதம்

விழித்திரையின் மையத் தமனி அடைபடுவது அரிதான நோய். மேலைநாட்டுக் கணக்குப்படி ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவர். அரிது என்பதாலேயே இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசாததால் வந்தவருக்கும் அடையாளம் தெரிவதில்லை.

1851-இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை உருவாக்கிய பிறகுதான் உயிருள்ள மனிதரின் விழித்திரையை மருத்துவர்கள் நேராகப் பார்க்க முடிந்தது. அடுத்த எட்டே ஆண்டுகளில், 1859-இல், ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே இந்த நோயை விவரித்தார். அவர் பார்த்த நோயாளிக்கு இதயத்தில் தொற்று இருந்தது. அங்கிருந்து கிளம்பிய துணுக்கு ஒன்று கண்ணின் தமனியில் போய் மாட்டியிருந்தது. கண் இருட்டியதற்குக் காரணம் இதயத்தில் இருந்தது என்ற அந்தப் பழைய பாடம்தான் இன்றைக்கும் நமக்கு முக்கியமான பாடம்.

துணுக்கு பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, கழுத்துத் தமனியின் உள்சுவரில் படிந்த கொழுப்பு. பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால், பீடி சிகரெட் எல்லாம் சேர்ந்து பல வருஷமாக வளர்த்தது அது. இன்னொன்று இதயம். துடிப்பு தாறுமாறாக இருந்தால் இதய அறைக்குள் ரத்தம் உறையலாம். வால்வு கெட்டிருந்தால் அதிலிருந்தும் துணுக்கு கிளம்பலாம். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் வால்வு பழுதானவர்கள் நம் நாட்டில் இன்னும் நிறைய. அதனால் 30, 40 வயதுக்காரருக்கு இந்த அடைப்பு வந்தால் இதயத்தைக் கட்டாயம் பார்த்துவிட வேண்டும்.

அடைபட்டதும் என்ன நடக்கும்? நொடிகளில், அல்லது நிமிடங்களில், அந்தக் கண் இருண்டுவிடும். விரலை எண்ணும் அளவுக்குக்கூடப் பலருக்குத் தெரியாது; சிலருக்குக் கை அசைவது மட்டும் தெரியும். மருத்துவர் உள்ளே பார்த்தால் விழித்திரை வெளிறிப் போயிருக்கும், நடுப்புள்ளி மட்டும் சிவப்பாகத் தெரியும். ஆறில் ஒருவர் முதல் நான்கில் ஒருவர் வரை நடுப்புள்ளிக்குத் தனியாக இன்னொரு சிறு தமனி பிறவியிலேயே அமைந்திருப்பதுண்டு. அவர்களில் சிலருக்கு மையப் பார்வை தப்பிவிடும். அதற்கு எந்த வைத்தியமும் காரணமில்லை, உடம்பின் அமைப்புதான்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்குத் தெளிவான விடை ஒரு பஞ்சாபியிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் சோஹன் சிங் ஹேரே, வயதான, ரத்தக் கொதிப்பும் தமனித் தடிப்பும் கொண்ட குரங்குகளில் இந்தத் தமனியை அடைத்து ஆராய்ந்தார். 2004-இல் வெளிவந்த முடிவின்படி 97 நிமிடங்கள் வரை விழித்திரையில் கண்டறியத்தக்க சேதம் இல்லை. அதற்கு மேல் சேதம் கூடிக்கொண்டே போனது. 240 நிமிடங்கள், அதாவது நாலு மணி நேரம் அடைபட்டிருந்தால் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டது.

இந்த நாலு மணி நேரத்தை நம் ஊர்க் கடிகாரத்தில் வைத்துப் பாருங்கள். ராதாபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் காலை ஆறு மணிக்கு ஒருவருக்குக் கண் இருட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். முகத்தைக் கழுவிப் பார்ப்பார். நந்தியாவட்டைப் பூச்சாறோ தாய்ப்பாலோ விடச் சொல்லி யாராவது சொல்வார்கள். எட்டு மணிக்குத் தூக்கக் கலக்கம் என்று படுத்துக்கொள்வார். பத்து மணிக்கு மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்குவார். விழித்திரையின் நேரம் அங்கேயே முடிந்துவிட்டது. மறுநாள் மகன் லீவு போட்டு நெல்லைக்குக் கூட்டிப் போகும்போது மருத்துவர் செய்ய முடிவது மிகக் கொஞ்சம். யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. முன்கூட்டி யாரும் சொல்லாவிட்டால் எந்தக் குடும்பமும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

சரி, நேரத்தோடு போனால் பார்வை வந்துவிடுமா? இங்கே உண்மையைச் சொல்ல வேண்டும். நிச்சயமான வைத்தியம் இன்னும் இல்லை. கண்ணை அழுத்தித் தேய்ப்பது, கண் முன்னறையிலிருந்து நீரை எடுப்பது, கண் அழுத்தத்தைக் குறைப்பது என்று பல காலமாகச் செய்து வருகிறார்கள். இவை பலன் தருவதாக உறுதியான சான்று கிடையாது. தமனிக்குள்ளேயே குழாய் செலுத்தி ரத்தக் கட்டியைக் கரைக்கும் முறையை ஐரோப்பாவில் சோதித்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வில் வழக்கமான வைத்தியத்தைவிடப் பார்வை கூடவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. மூளைப் பக்கவாதத்துக்குக் கொடுப்பது போல நாலரை மணி நேரத்துக்குள் கையில் ஊசி போட்டுக் கட்டியைக் கரைக்கலாமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. சில மருத்துவமனைகள் சீக்கிரம் வந்தவர்களுக்கு மட்டும், நன்மை தீமையைச் சொல்லி, இதை யோசிக்கின்றன. தானாகப் பார்வை ஓரளவு தேறுவது ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான்.

அப்படியானால் எதற்காக ஓட வேண்டும்? மூளைக்காக.

கண் தமனிக்குப் போன துணுக்கு கொஞ்சம் தள்ளி மூளைக்குப் போகும் வேறு கிளையில் ஏறியிருந்தால் கை கால் விழுந்திருக்கும், பேச்சு குழறியிருக்கும். அதே ஊற்றிலிருந்து அடுத்த துணுக்கு எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அமெரிக்க இதயச் சங்கம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் விழித்திரை மையத் தமனி அடைப்பைப் பக்கவாதத்தின் ஒரு வகையாகவே வைத்து, உடனடிக் கவனிப்பு தேவை என்று சொன்னது. இந்த நோயாளிகளை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மூளையிலும் புதிதாகச் சின்னச் சின்ன அடைப்புகள் இருக்கின்றன; அவர்களுக்கே அது தெரியாது. பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து முதல் சில நாட்களிலும் வாரங்களிலும்தான் மிக அதிகம்.

ஆகவே கண் போய் இரண்டு நாளாகிவிட்டது, இனி எதற்கு என்று யாரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது. ஈசிஜி, எக்கோ, கழுத்து ரத்தக் குழாய்க்கு டாப்ளர், மூளை ஸ்கேன், சுகர், கொழுப்பு, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர் ரத்தப் பரிசோதனை என்று ஒரு சுற்றுப் பரிசோதனை உடனே நடக்க வேண்டும். கண் ஆஸ்பத்திரிக்கு முதலில் போனாலும் அன்றைக்கே பொது மருத்துவமனைக்கும் போக வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், கண் பிரிவும் மூளை ஸ்கேனும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடத்துக்கு நேராகப் போவது உத்தமம். நம் பகுதியில் அப்படி எல்லோருக்கும் எட்டக்கூடியது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தென்காசி, செங்கோட்டை பக்கமிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும் என்பதால் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடலாம். "கண் தெரியவில்லை" என்று மட்டும் சொல்லாமல், "திடீரென்று ஒரு கண் பார்வை போய்விட்டது, பக்கவாதமாக இருக்கலாம்" என்று சொல்லுங்கள். அப்போதுதான் அவசரம் புரியும்.

மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக எப்போது நன்றாகத் தெரிந்தது?" என்பது. தூங்கி எழும்போது கவனித்தவர்களுக்கு இதுதான் சிக்கலான கேள்வி. ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது தெரிந்ததா, படுக்கும்முன் போன் பார்த்தபோது தெரிந்ததா என்று வீட்டார் நினைவுபடுத்திக்கொண்டு போனால் வைத்தியம் முடிவு செய்ய உதவும்.

முன்னறிவிப்பும் உண்டு. ஒரு கண்ணில் மேலிருந்து திரை இறங்கி, சில நிமிடங்களில் தானாக விலகிவிட்டதாகச் சிலர் சொல்வார்கள். சரியாகிவிட்டதே என்று அதை மறந்தும் போவார்கள். துணுக்கு வந்து மாட்டி, நகர்ந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே டாக்டரைப் பார்த்தால், பின்னால் வரவிருக்கும் கண் அடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்க வாய்ப்பு இருக்கிறது. இந்த நோயில் நம் கையில் இருக்கும் பெரிய வாய்ப்பு இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி, தலை சீவும்போது வலி, சாப்பாட்டை மெல்லும்போது தாடை வலி ஆகியவற்றோடு பார்வை போனால், தமனிச் சுவரே வீங்கும் ஒரு நோய் காரணமாக இருக்கலாம். நம் நாட்டில் அது குறைவு. ஆனால் உடனே ஸ்டீராய்டு கொடுக்காவிட்டால் மற்ற கண்ணும் சில நாட்களில் போய்விடக்கூடும் என்பதால் மறக்காமல் சொல்ல வேண்டிய அறிகுறிகள் இவை.

சிரை அடைப்பு: அதிகம் பேருக்கு வருவது, அதிகம் காப்பாற்ற முடிவது

நெல்லையிலோ தென்காசியிலோ ஒரு ரெட்டினா டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் தமனி அடைப்பைவிடச் சிரை அடைப்புக்காரர்களே பல மடங்கு இருப்பார்கள். 2015-ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் சுமார் 2 கோடியே 80 லட்சம் பேருக்கு இது இருந்ததாக ஒரு மதிப்பீடு. அதில் பெரும்பகுதி கிளைச் சிரை அடைப்பு, அதாவது விழித்திரையில் பரவியிருக்கும் சிறு சிரைகளில் ஒன்று அடைபடுவது. எல்லாம் சேர்ந்து வெளியேறும் மையச் சிரையே அடைபடுவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

கிளைச் சிரை ஏன் அடைபடுகிறது என்பது தெளிவாகத் தெரிந்த விஷயம். விழித்திரையில் தமனியும் சிரையும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடங்களில் இரண்டுக்கும் ஒரே உறைதான். பல வருஷ ரத்தக் கொதிப்பால் தமனிச் சுவர் தடித்து இறுகினால், அதே உறைக்குள் இருக்கும் மெல்லிய சிரை நசுங்குகிறது. ரத்தம் தயங்கி உறைகிறது. பின்னால் தேங்கிய ரத்தம் கசிந்து விழித்திரையில் பரவ, நீர் கோத்து மையப் பகுதி வீங்குகிறது. ரத்தக் கொதிப்பு இருந்தால் சிரை அடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. மையச் சிரை அடைப்புக்கு ரத்தக் கொதிப்போடு சர்க்கரை நோய், கண் அழுத்த நோய் ஆகியவையும் துணை போகின்றன. இளவயதுக்காரருக்கு வந்தால் ரத்தம் உறையும் தன்மையில் கோளாறு உண்டா, ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கூடியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

சிரை அடைப்பில் பார்வை ஒரேயடியாக இருண்டுபோவது குறைவு. மங்கலாகும், நேர்கோடு வளைந்து தெரியும், மேல்பாதியோ கீழ்பாதியோ மட்டும் மறையும். இன்னொரு கண் நன்றாக இருப்பதால் பல பேர் வாரக்கணக்கில் கவனிப்பதே இல்லை. தூசி விழுந்து நல்ல கண்ணைக் கசக்கும்போது, "அட, இந்தக் கண்ணு தெரியலையே" என்று தற்செயலாகக் கண்டுபிடிக்கிறார்கள். 40 வயதைத் தாண்டியவர்கள் வாரம் ஒரு முறை ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு தினசரிக் காலண்டரில் இருக்கும் எழுத்தைப் படித்துப் பார்த்தால் போதும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் இதை நான் வலியுறுத்திச் சொல்வேன். இலையைக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டும் வேலையில் விரல்கள் பழக்கத்தாலேயே ஓடும். ஒரு கண் மங்கியது வேலையில் தெரியாமலே போகலாம்.

இந்த அடைப்பைத் திறக்க மருந்து கிடையாது. ஆனால் வீக்கத்தைக் குறைத்துப் பார்வையைக் காப்பாற்ற முடியும். ரத்த ஓட்டம் குறைந்த விழித்திரை ஒருவகைப் புரதத்தைச் சுரக்கிறது. அதுதான் ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கிறது. அந்தப் புரதத்தை முடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள். ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட், பெவாசிசுமாப் என்று மூன்று பெயர்கள் அதிகம் காதில் விழும். மூன்றாவது குடல் புற்றுநோய்க்கென 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அவாஸ்டின். விலை மிகக் குறைவு. மையச் சிரை அடைப்பில் ஆறு மாத முடிவில் இது அஃப்லிபெர்செப்டுக்குச் சளைத்ததல்ல என்று 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ரானிபிசுமாபின் இந்திய வடிவம் 2015-இல் இங்கேயே அனுமதி பெற்றது. எனவே விலையுயர்ந்த ஊசிக்கு வழியில்லையே என்று வைத்தியத்தை விட வேண்டியதில்லை. எது நமக்குக் கட்டும் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம்.

கண்ணில் ஊசி என்றதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். மரத்துப் போகச் சொட்டு மருந்து விட்டு, கருவிழியைத் தாண்டி வெள்ளைப் பகுதியில் போடும் மிக மெல்லிய ஊசி அது. போடும் வேலை சில நொடிகளில் முடிந்துவிடும். ஒரு அழுத்தம் தெரியும், கண் ஒருநாள் சிவந்திருக்கும். தொற்று வருவது சில ஆயிரம் ஊசிகளில் ஒன்று. ஊசிக்குப் பின் வலி கூடி, பார்வை குறைந்து, கண் சிவந்தால் அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும். பயத்தைவிடப் பெரிய தடை என்று எனக்குத் தோன்றுவது எண்ணிக்கைதான். ஒரு ஊசியில் முடியாது. முதலில் மாதம் ஒன்றாகச் சில ஊசிகள், பிறகு விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் வீக்கத்தைப் பார்த்து இடைவெளி கூட்டுவார்கள். வருஷக்கணக்கிலும் போகலாம். முதல் ஊசியிலேயே பளிச்சென்று தெரிந்ததும் "சரியாயிட்டு" என்று பலர் நின்றுவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் வீக்கம் திரும்ப வரும். கூலி வேலைக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளமும், துணைக்கு வருபவரின் சம்பளமும், பஸ் செலவும் போகிறது. எத்தனை தடவை வர வேண்டியிருக்கும் என்பதை முதல் நாளே குடும்பத்துக்குச் சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்துகொள்வார்கள்.

மாத்திரை டப்பா

இரண்டு வகை அடைப்புக்கும் அடியில் இருக்கும் பொதுக் காரணம் ரத்தக் கொதிப்பு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வீட்டுக்கு வந்த மாத்திரை வாய்க்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. "பிரஷர் நார்மலாயிட்டு, நிறுத்திட்டேன்" என்று சொல்கிறவர்களை எல்லோருக்கும் தெரியும். மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மலாக இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கப் போகிறவர்கள் சட்டி, பாய், அரிசியோடு மாத்திரை டப்பாவையும் முதலில் எடுத்து வைக்க வேண்டும். உப்பும் கவனிக்க வேண்டியது. நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாடும் ஊறுகாயும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் ஒரே இலையில் சேரும் நம் சாப்பாட்டில் அந்த அளவைத் தாண்டுவது மிகச் சுலபம்.

திடீர்ப் பார்வை இழப்பு எல்லாமே அடைப்பு ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மின்னல் வெட்டுவதும் கறுப்புப் புள்ளிகள் பறப்பதுமாகத் தொடங்கி ஓரத்திலிருந்து நிழல் ஏறினால் விழித்திரை பிரிந்திருக்கலாம். முற்றிய சர்க்கரை நோயில் கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். இளைஞர்களுக்கு அப்படி ரத்தம் கசிய வைக்கும் ஈல்ஸ் நோய் என்று ஒன்று உண்டு. 1880-இல் இங்கிலாந்தில் விவரிக்கப்பட்டது என்றாலும் இன்று அதிகம் காணப்படுவது நம் நாட்டில்தான். கண் சிவந்து, கடும் வலியும் வாந்தியும் இருந்தால் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். இவற்றில் எதுவும் அடுத்த முகாம் வரை காத்திருக்கக் கூடியதல்ல. எது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவும் முடியாது.

மூன்றாவது மாதம்

பார்வை போய்விட்டது என்று தெரிந்ததும் மறுபரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். தெரியாத கண்ணுக்கு எதற்குச் செலவு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மையச் சிரை அடைப்பில் ரத்த ஓட்டம் மிகக் குறைந்த வகை ஒன்று உண்டு. அதில் பட்டினி கிடக்கும் விழித்திரை, புது ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கிறது. அவை கண்ணின் முன்பகுதியில் நீர் வடியும் மூலையில் படர்ந்து அடைத்து, கண் அழுத்தத்தைப் பயங்கரமாக ஏற்றுகின்றன. பெரும்பாலும் மூன்று மாத வாக்கில் வருவதால் பழைய மருத்துவர்கள் இதை 'நூறு நாள் கிளாக்கோமா' என்பார்கள். அதுவரை வலிக்காமல் இருந்த கண் அப்போது தாங்க முடியாமல் வலிக்கும். தமனி அடைப்பிலும் சிலருக்கு இது வருவதுண்டு, அதைவிடச் சீக்கிரமாகவே. முதல் சில மாதங்கள் தவறாமல் போய்க் காட்டினால் புதுக் குழாய்கள் முளைக்கும்போதே கண்டுபிடித்து, லேசராலும் ஊசியாலும் அடக்கிவிட முடிகிறது. பார்வைக்காக இல்லாவிட்டாலும், அந்த வலி வராமலிருக்க அந்தச் செலவு தகும்.

ஒற்றைக் கண்ணோடு வாழப் பழகச் சில மாதம் பிடிக்கும். தூரத்தையும் ஆழத்தையும் கணிப்பதில் தடுமாற்றம் இருக்கும். டம்ளரில் காபி ஊற்றும்போது, படி இறங்கும்போது, பைக்கில் லாரியை முந்தும்போது அது தெரியும். பனையேறிகள், கட்டட வேலைக்காரர்கள், டிரைவர்கள் ஆகியோர் வேலைக்குத் திரும்புவதற்கு முன் இதை மருத்துவரிடம் பேசியாக வேண்டும். பவர் இல்லாவிட்டாலும் பாலிகார்பனேட் கண்ணாடி ஒன்று எப்போதும் போட்டுக்கொள்வது நல்லது. விறகு பிளக்கும் சிராயும், வெல்டிங் பொறியும், நெல் தூற்றும்போது பறக்கும் சுணையும் மிச்சமிருக்கும் கண்ணில் படாமல் அது காக்கும்.